அப்பா உட்காராத சோபா: பாளையங்கோட்டை வீட்டு ஹால் ஒன்றின் சீரமைப்பு

என் பெற்றோர் வீட்டு ஹாலில் ஒன்பது அடிக்கு ஆறடி என்ற அளவில் எல் வடிவ சோபா ஒன்று எட்டு ஆண்டுகள் கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அப்பா அதில் உட்கார்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாங்கிக் கொடுத்தவள் நான். வீடுகளின் உள்அலங்காரம்தான் என் தொழில். பதினான்கு ஆண்டுகளாகப் பிறர் வீடுகளுக்கு நாற்காலியும் திரைச்சீலையும் விளக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுத்து வருகிறேன். சொந்த வீட்டில் ஏன் தவறினேன், அதை எப்படித் திருத்தினோம், திருத்தும்போது மறுபடி எங்கெல்லாம் தவறினோம் என்பதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. வயதான பெற்றோருக்கு வெளியூரிலிருந்து பொருள் வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. 1986-இல் கட்டியது, மாடி இல்லை. ஹால் 18 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். வாசலும் பெரிய ஜன்னலும் மேற்குச் சுவரில். வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. தரை மொசைக். நடுவில் ஒரே ஒரு மின்விசிறி. அப்பாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அம்மாவுக்கு 71, நன்றாக நடமாடுகிறார், ஆனால் இரவில் பார்வை மங்கல்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் சோபாவிலிருந்து எழ முயன்ற அப்பா டீப்பாயின் விளிம்பைப் பிடித்தார். டீப்பாய் நகர்ந்தது. விழவில்லை, அம்மா பக்கத்தில் இருந்தார். அன்று மாலையே ஹாலை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

உள்ளூரில் ஒரு கடைக்காரர் வந்து பார்த்து உடனே ஒரு திட்டம் கொடுத்தார்: மின்சாரத்தில் சாயும் புதிய சோபா, மொசைக் மேல் பளபளப்பான டைல்ஸ், தொலைக்காட்சிக்குப் பின்னால் மரப்பலகைச் சுவர், மேலே ஃபால்ஸ் சீலிங். மொத்தம் 3,40,000 ரூபாய். படத்தில் அழகாகத்தான் இருந்தது. நானே பல வீடுகளுக்கு அப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் அப்பா எங்கே உட்காருவார் என்று தேடினேன். அகப்படவில்லை.

ஏழு நாள் குறிப்பேடு

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினேன். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தேன். இந்த முழு வேலையிலும் மிகப் பயனுள்ள செயல் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

காலை ஐந்தரைக்கு அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நிலைப்படி அருகே போட்டுக்கொள்கிறார். நாளிதழ் படிக்க அங்கேதான் வெளிச்சம். பத்து மணி ஆனதும் அதே நாற்காலி மின்விசிறிக்குக் கீழே போகிறது. அம்மா அடுக்களை வாசலை ஒட்டித் தெற்குச் சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டித் தரையில் அமர்ந்து கீரை ஆய்கிறார். மதியம் சாப்பாட்டுக்குப் பின் மின்விசிறிக்குக் கீழே ஒரு மெல்லிய பாயை விரித்து அரை மணி நேரம் கண்ணயர்கிறார். பக்கத்து வீட்டினர் வந்தால் வாசற்படியிலேயே பேச்சு. சோபாவில் இருந்தவை மடித்த துணிகள், மாத்திரைப் பை, பழைய செய்தித்தாள் கட்டு. ஏழு நாளில் மனிதர் உட்கார்ந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் வெளியாட்கள்.

நம் ஊரில் ஹாலின் அமைப்பைத் தீர்மானிப்பது மின்விசிறிதான். அதன் கொக்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சித்திரை வைகாசியில் உயிர்வாழ முடியும். நான் சோபாவை வடமேற்கு மூலையில் ஒதுக்கியிருந்தேன். காற்று படாத மூலை அது. போதாததற்கு மேற்கு ஜன்னலின் கீழ்ப்பாதியை அதன் முதுகு மறைத்துவிட்டது. ஆடி மாதம் மலைப்பக்கமிருந்து வரும் காற்றுக்காகவே நெல்லைக்காரர்கள் மேற்கே ஜன்னல் வைப்பார்கள். அந்தக் காற்றை எட்டு ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தேன்.

பிறகு அளவு நாடாவை எடுத்தேன். சோபாவின் உட்காரும் உயரம் 16 அங்குலம். ஆனால் அப்பா உட்கார்ந்ததும் பஞ்சு அமுங்கி 13 ஆகிவிடுகிறது. இருக்கையின் ஆழம் 24 அங்குலம். அப்பாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை 17 அங்குலத்துக்குச் சற்று மேல். முழங்கால் இடுப்பைவிட உயரமாகப் போகும் இருக்கையிலிருந்து எழ, உடம்பின் பாரம் முழுவதையும் தேய்ந்த மூட்டு தூக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் கால் தரையில் பாவாது. கால் பாவும்படி முன்னே வந்தால் முதுகுக்குப் பிடிமானம் இல்லை. கைப்பிடியும் பஞ்சு. ஊன்றினால் அமுங்கிப் போகிறது. மேலே ரெக்ஸின் உறை. கோடையில் வெற்று முதுகோடு சாய்ந்தால் தோலில் ஒட்டும். அப்பா எட்டு ஆண்டுகளாக எதையும் குறை சொல்லவில்லை. மகள் வாங்கிக் கொடுத்தது என்று விட்டுவிட்டார். அது என்னை மிகவும் வருத்தியது.

சுவர் காய்வதற்குக் காத்திருந்தது

எதையும் வாங்குவதற்கு முன் வடக்குச் சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உப்பு வெளியே தெரிகிறது என்றால் சுவருக்குள் நீர் நடமாடுகிறது என்று பொருள். செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு நீர் மேற்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. எந்தப் பெயிண்டும் அதைத் தாங்காது.

குளியலறைப் பக்கம் உடைத்துப் பார்த்ததில் குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, ஹால் பக்கம் நான்கடி உயரத்துக்குப் பூச்சை உரித்து அப்படியே விட்டோம். ஆறு வாரம். அம்மாவுக்குப் பொறுமை இல்லை. பங்குனி உத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்களே, செங்கல் தெரிகிற சுவரோடு எப்படி வரவேற்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் காத்திருந்தோம். காய்ந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரோடு ஒட்டி, நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து, இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நான்காம் வாரம் வியர்த்தது. ஆறாம் வாரம் வியர்க்கவில்லை. அதன் பிறகே பூச்சும் பெயிண்டும்.

நிறத்தைக் கடையில் கொடுக்கும் சிறு அட்டையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. இரண்டு சுவரில் இரண்டடிச் சதுரமாக மூன்று நிறங்களைப் பூசி, காலையிலும் மாலை ஐந்து மணிக்கும் பார்த்தோம். அட்டையில் அமைதியான சந்தன நிறமாக இருந்தது, மேற்கு வெயில் பட்டதும் ஆரஞ்சாகத் தகித்தது. சற்றே சாம்பல் கலந்த வெள்ளையைத் தேர்ந்தெடுத்தோம்.

தரையைப் பற்றி வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. அம்மாவின் தங்கை தன் வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, சூளையில் வைக்காமல், நீரில் ஊறவைத்தே உறுதியாக்குகிற அந்தக் கல்லை விரும்பாதவர் யார்? புது வீடாக இருந்தால் நானே முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் இருக்கும் தரையின்மேல் எந்தக் கல்லைப் பதித்தாலும் ஹால் ஓர் அங்குலத்துக்கு மேல் உயரும். அடுக்களை வாசலிலும் குளியலறை வாசலிலும் புதிதாக ஒரு சிறு படி முளைக்கும். கால் இடறுவது அப்படிப்பட்ட சின்ன ஏற்ற இறக்கத்தில்தான். முழுப் படியைக் கண் பார்த்துக்கொள்ளும். ஓர் அங்குலத்தைப் பார்க்காது.

ஆகவே மொசைக்கையே மறுபடி பாலிஷ் போட்டோம். நீர் ஊற்றி, முரட்டுக் கல்லில் தொடங்கி நைசான கல் வரை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் ஆக்ஸாலிக் அமிலத்தால் மெருகேற்றுகிறார்கள். இரண்டு நாள் வீடு முழுக்கச் சேறு. மூன்றாம் நாள், பச்சைக் கரையிட்ட வெள்ளையும் கறுப்புமான அந்தத் தரையை 1986-க்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தேன் என்று அப்பா சொன்னார்.

பரணில் கிடைத்தவை

தரை வேலைக்காகப் பரணை ஒழித்தபோது ஐந்து பொருட்கள் இறங்கின. தாத்தாவின் சாய்வு நாற்காலி. கைப்பிடி வைத்த இரண்டு தேக்கு நாற்காலிகள், பிரம்பு அறுந்தவை. ஆறடி நீளத்தில் ஒரு பெஞ்சு. பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பாய்.

தச்சர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், அறுபதைக் கடந்தவர். நாற்காலியைத் திருப்பிப் போட்டு மூட்டுகளைத் தட்டிப் பார்த்தவர், "மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லையம்மா. வேலைதான் கேட்கிறது" என்றார்.

"அண்ணாச்சி, உயரம் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டும். அப்பா கையை ஊன்றி எழ வேண்டும்."

"காலுக்குக் கீழே கட்டை கொடுத்தால் ஆடும். காலோடு துளைத்து முளை இறக்கித் தருகிறேன். ஆனால் முதலில் அப்பாவை இதில் உட்காரவையுங்கள்."

அவர் அப்பாவை உட்காரவைத்து, நாற்காலிக் கால்களுக்குக் கீழே ஒவ்வொரு பலகையாக வைத்துப் பார்த்து, 18½ அங்குலம் என்று முடிவு செய்தார். படித்துத் தெரிந்துகொண்ட எனக்கு இல்லாத நிதானம் அவருக்கு இருந்தது. கைப்பிடி இருக்கையின் முன் விளிம்பு வரை நீண்டிருந்ததால் ஊன்றி எழ வசதி. அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. எண்பது வருடத்துக்கு முந்தைய ஆசாரி அதை யோசித்தே செய்திருக்கிறார்.

பிரம்பு பின்ன ஒருவர் வந்தார். நைலான் பட்டை மலிவு, பல வருடம் உழைக்கும் என்றார். உண்மைதான். ஆனால் இயற்கைப் பிரம்பு வியர்வையைத் தேக்காது, உடம்புக்கு இசைந்து கொடுக்கும். ஊறவைத்த பிரம்பை அவர் சட்டத்தின் துளைகளில் கோத்து இழுத்துப் பின்னினார்; காயும்போது அது தானாக இறுகுகிறது. நாளடைவில் தொய்ந்தால் அடிப்பக்கம் நீர் தெளித்துக் காயவிட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாற்காலி மின்விசிறிக்குக் கீழே, மற்றொன்று நிலைப்படி அருகே. இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

பெஞ்சை மேற்கு ஜன்னலுக்குக் கீழே போட்டோம். ஜன்னல் விளிம்பைவிடத் தாழ்ந்தது, காற்றை மறைக்காது. மேலே மூன்று அங்குல மெத்தை. கடைகளில் பஞ்சின் தரத்தை டென்சிட்டி, அதாவது அடர்த்தி, என்று சொல்லி விற்கிறார்கள். 40 டென்சிட்டியைக் கேட்டு வாங்கினேன். 32 என்பது கையால் அழுத்தும்போது சுகமாக இருக்கும், ஓராண்டில் பள்ளம் விழும். சாய்ந்துகொள்ள இலவம்பஞ்சுத் தலையணைகள், போடிநாயக்கனூரிலிருந்து வரவழைத்தவை. மெத்தைமேல் பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும் அதே பழைய நெசவு. சாம்பல் வெள்ளைச் சுவருக்கு அந்த நிறங்கள் போதும். வேறு எதையும் வண்ணமாக வாங்கவில்லை.

என் தவறுகள்

ஜமக்காளத்தில் ஒன்றைத் தரையிலும் விரித்தேன். ஹாலின் நடுவே நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அம்மாவின் கால்விரல் அதன் விளிம்பில் மாட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். நழுவாத வலையை அடியில் போட்டுப் பார்த்தேன், விளிம்பு அப்படியும் சுருண்டது. எடுத்துவிட்டேன். நடக்கும் பாதையில் விரிப்பு வேண்டாம் என்று வயதானவர் வீடுகளுக்கு ஆலோசனை சொல்லும் நானே அதைச் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திரைச்சீலைக்குக் கைத்தறிப் பருத்தி எடுத்தேன். தையலுக்கு முன் துணியை நனைத்துக் காயவைக்கவில்லை. முதல் சலவையில் மூன்று அங்குலம் குறைந்து தரைக்கு மேலே தொங்கியது. கீழே ஒரு கரை சேர்த்துத் தைத்தோம். ஆடிக் காற்றில் பறக்காமலிருக்க அந்தக் கரைக்குள் மெல்லிய சங்கிலியை வைத்துத் தைத்தது பிறகு வந்த யோசனை. திரை வெயிலைத் தடுத்ததா என்றால், இல்லை. சாயங்காலச் சூரியன் சாய்வாக வருவதால் ஒன்றரை அடி சன்ஷேடு அதற்குத் தடையே இல்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரை என்ன செய்யும்? வெயில் ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டினோம். மாலை நான்கு மணிக்கு இறக்கி ஆறரைக்கு ஏற்றுகிறார் அப்பா. இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் மாற்றியது அந்தத் தட்டிதான்.

விளக்கில் செய்தது பெரிய தவறு. முன்பு இருந்தது ஒரே ஒரு டியூப்லைட், 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்), நீலம் பாய்ந்த வெள்ளை. அதை அணைத்துவிட்டு, மூலைகளில் மறைவாக நான்கு 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகளை வைத்தேன், ஒவ்வொன்றும் 5 வாட். கோயில் பிரகாரத்தில் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. எனக்கு நிறைவு. இரண்டாம் நாள் இரவு அப்பா மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போவதைப் பார்த்தேன். வெள்ளை மாத்திரைக்கும் வெளிர் மஞ்சள் மாத்திரைக்கும் ஹால் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம். வயது கூடக்கூடக் கண்பாவை சிறுக்கிறது, வில்லை மஞ்சளாகிறது. விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி குறைந்துகொண்டே வருகிறது. நாற்பது வயதுக் கண்ணுக்கு இதமாக இருக்கும் வெளிச்சம் எண்பதை நெருங்கும் கண்ணுக்கு இருட்டு. மஞ்சள் விளக்கு வேண்டும் என்றால் அது பிரகாசமாகவும் இருக்க வேண்டும்.

விளக்குகளை 9 வாட்டாக மாற்றினோம். அப்பாவின் நாற்காலிக்கு இடது பின்புறம், தோளுக்கு மேலே 4000 கெல்வினில் ஒரு வாசிப்பு விளக்கு. பழைய டியூப்லைட்டையும் தனி ஸ்விட்சில் விட்டுவைத்தோம். பெருக்கும்போதும் எதையாவது தொலைத்துத் தேடும்போதும் அதுதான் வேண்டும். குளியலறைக்குப் போகும் வழியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரவு முழுக்க எரியும் ஒரு சிறு விளக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குப் புதுத் துணி மாட்டி, எண்ணெய் பூசி, ஹாலில் மிக நல்ல இடத்தில் போட்டேன். அதன் துணித் தொட்டில் தரையிலிருந்து ஓரடி உயரம். அப்பா ஒருமுறை படுத்தார். எழ நான் கைகொடுக்க வேண்டியிருந்தது. சோபாவில் செய்த அதே தவறு, இந்த முறை பழம்பொருள் மீதிருந்த பாசத்தால். இப்போது அது பின்கட்டில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அதில் படுத்துக் கதை படிக்கிறார்கள்.

கண்ணாடி அலமாரி

எதை வைப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பது கடினமாக இருந்தது. கிழக்குச் சுவரில் உள்ள கண்ணாடி அலமாரியில் கொலு பொம்மைகள், அப்பா ஓய்வுபெற்றபோது கொடுத்த கேடயம், நான்கு கடிகாரங்கள், பிளாஸ்டிக் பூக்கள், பிரிக்காத கண்ணாடிக் கோப்பைகள். பாதியை எடுத்துவிடலாம் என்றேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரைச் சொன்னார். அதில் சிலர் இப்போது இல்லை. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. பிளாஸ்டிக் பூக்களையும் ஓடாத மூன்று கடிகாரங்களையும் அவரே எடுத்தார். மீதியைத் துடைத்து, இரண்டு தட்டுக்குப் பதில் நான்கு தட்டில் பரவலாக வைத்தோம். அலமாரிக்குள் ஒரு விளக்கு போட்டதும் பொம்மைகளின் முகம் தெரிந்தது.

செலவுக் கணக்கு: சுவர், குழாய், பெயிண்ட் 34,000, மரவேலையும் பிரம்பும் 21,500, மெத்தை, தலையணை, துணி 14,200, விளக்குகளும் மின்வேலையும் 9,800, தரை 9,000, தட்டி, திரைச்சீலை 7,600. மொத்தம் 96,100 ரூபாய். பழைய சோபாவை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. தெருமுனையில் உள்ள தையல் பயிற்சிக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

ஓராண்டுக்குப் பின்

ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி வடக்குச் சுவர் உலர்ந்தே இருக்கிறது. ஆடியில் தட்டியின் கயிறு இரண்டு முறை அறுந்தது. இப்போது கீழேயும் கொக்கி போட்டு மாட்டுகிறோம். ஜமக்காளத்தின் சிவப்பு முதல் சலவையில் கொஞ்சம் கசிந்தது, அதன் பிறகு நின்றது. இலவம்பஞ்சு திரள் திரளாகிறது. மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், அம்மா தட்டுகிறார். வாசற்படியோடு திரும்பிய பக்கத்து வீட்டினர் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். அப்பா நாற்காலியிலிருந்து ஒரே ஊன்றலில் எழுகிறார். பிளாஸ்டிக் நாற்காலி கொல்லையில் இருக்கிறது.

வேட்டியில் சுற்றியிருந்த பாய், 1977-இல் அவர்கள் கல்யாணத்துக்குச் சேரன்மகாதேவி சாலையில் உள்ள பத்தமடையில் சொல்லி நெய்த பட்டுப்பாய். கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, நூல்போலக் கீறி நெய்வார்கள். மடித்தால் துணிபோல மடியும். நடுவில் இருவர் பெயரும் சிவப்பில். ஓரம் ஒரு பக்கம் அரித்திருந்தது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என்று அளவு எடுத்துவிட்டேன். "பாயை எதற்குச் சுவரில் மாட்டுகிறாய்?" என்று அம்மா கேட்டார். அரித்த ஓரத்துக்குத் துணிக்கரை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறிக்குக் கீழே அதை விரித்துப் படுக்கிறார். எழுந்ததும் சுருட்டிப் பெஞ்சுக்குக் கீழே வைத்துவிடுகிறார், நடக்கிற வழியில் கிடக்கக் கூடாதென்று.